மழை பெய்த நாள் எது

இன்ஸ்பெக்டர் ஐயாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, சுள்ளென்று வெயிலடித்த ஒரு பகலில் அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றதுதான். கொல்லிமலையில், வாசலூர்பட்டி ஏரிக்குச் சற்று மேலே இருந்த மிளகுத் தோட்டம் அது. லாரியில் வந்த தண்ணீரைக் குழாயில் ஏற்றி, சில்வர் ஓக் மரங்களின் உயரத்திலிருந்து மழையாகத் தெளித்துக்கொண்டிருந்தோம். ஒரு வீட்டு முற்றம் அளவுக்குத்தான் அந்த மழை விழுந்தது. அதைத் தாண்டினால் புல் காய்ந்து கிடந்தது. ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஐயா அந்த மழைக்கு வெகுதூரம் வெளியே, கேமராவுக்குப் பின்னால் நின்றார். அவர்மேல் ஒரு துளிகூட விழவில்லை. நான் பக்கத்தில் போய், "ஐயா, இங்க மழை இல்லீங்க" என்றேன். அண்ணாந்து குடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, இல்லதான்" என்றார். ஆனால் குடையை மடக்கவில்லை. யூனிட் ஆட்கள் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு கொலைப் படம். மூட்டுவலியும் மறதியும் வந்துவிட்ட, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், தன் நடுவயதில் துப்புத் துலக்கிய பழைய கொலையை நினைத்துக்கொண்டே அதே மலையில் புதிதாக நடக்கும் கொலையைக் கண்டுபிடிக்கிறார் என்பது கதை. அந்தப் பழைய கொலை உண்மையில் நடந்த வழக்கு. அதை விசாரித்தவர்தான் எங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. எழுபதைத் தாண்டியவர், மலையடிவாரத்தில் சொந்த நிலத்தில் மஞ்சளும் தென்னையும் வைத்திருந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. காக்கிச் சட்டையைக் கழற்றிப் பல வருஷம் ஆகியிருந்தும் நடையில் மட்டும் அது மிச்சமிருந்தது. டைரக்டர் அவரை ஆலோசகராக அழைத்து வந்திருந்தார். போலீஸ்காரர் எப்படி நிற்பார், குற்றவாளியை எந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு நடப்பார் என்றெல்லாம் நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை.

என் வேலை கண்டினியூட்டி. படத்தைக் கதை நடந்த வரிசையில் எடுப்பதில்லை. கடைசிக் காட்சியை முதல் நாள் எடுப்போம், ஒருவன் கதவைத் திறப்பதை இன்றும் அவன் உள்ளே நுழைவதை ஒரு மாதம் கழித்தும் எடுப்போம். பொத்தான் எத்தனை போட்டிருந்தது, தலை எந்தப் பக்கம் வகிடு, தரை ஈரமா காய்ந்ததா என்று எழுதி வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். எதையும் எழுதிக்கொள்ளாமல் என்னால் கேட்க முடியாது என்ற நிலைக்கு அந்த வேலை என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தது. அதனால்தான் ஐயா முதன்முதலில் வழக்கைச் சொன்னபோதும் நான் எழுதினேன். அவர் வீட்டில் டைரக்டரும் நானும் உட்கார்ந்திருந்தோம். மூன்று மணி நேரம் சொன்னார். அப்போது என்ன சொன்னார் என்பதும் பிறகு என்ன சொன்னார் என்பதும் என் கையெழுத்தில் இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது. எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

வழக்கு இதுதான். மலையில் எடப்புளி நாடு என்ற பகுதியில், ஒரு சின்ன ஊரில் பங்காளிகள் இருவர். இருவர் தோட்டத்துக்கும் நடுவே ஒரு பலாமரம் நின்றது. அது யாருடையது என்று ஒரு நாள் இருவரும் ஊர் கேட்க வாய்ச்சண்டை போட்டார்கள். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் தோட்டத்துக்குக் கீழே இருந்த பாறையடியில் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். பாறைக்கு மேலே மண்ணில் ஒரு கால்தடம் இருந்தது. இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லாத தடம். மற்றப் பங்காளிக்கு இளவயதில் கோடரி பட்டு இடதுகால் சுண்டுவிரல் போயிருந்தது. ஐயா அந்தத் தடத்தில் கலவை ஊற்றி அச்சு எடுத்தார். நீதிமன்றத்தில் அந்த அச்சுதான் பேசியது. அந்தப் பங்காளி பதினோரு வருஷம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். "அந்த ஒத்த விரலு இல்லாட்டி இந்தக் கேஸே இல்ல கண்ணு" என்று ஐயா சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பழைய வெளிச்சம் வந்தது. விரல் இருந்திருந்தால் என்றுதான் சொல்ல வந்திருப்பார். நான் திருத்தவில்லை, அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்த முதல் நாள் அவர் இன்னொன்றும் சொன்னார். பிணம் கிடைத்த தகவல் வந்து ஊருக்குள் போனபோது ஒரு களத்தில் சாமைக்கதிர் காய்ந்துகொண்டிருந்ததாம். ஒரு பெண் அதைக் காலால் கிளறிக்கொண்டே இவர்களை நிமிர்ந்து பார்த்தாளாம். டைரக்டர் அதைக் கேட்டுவிட்டு, "மழை பேஞ்சுதா சார்? மழை இருந்தா காட்சி நல்லா இருக்கும்" என்றார். ஐயா சிரித்து, "மலையில மழைக்கு என்னங்க கொறச்சல்" என்றார். இரண்டும் என் நோட்டில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. ஆறு மாதம் கழித்துப் படப்பிடிப்புக்காக மலையேறியபோது, நாயக நடிகருக்கு அதே நாளை ஐயா விவரித்ததைக் கேட்டேன். கொட்டுகிற மழையாம், தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியதாம், சேற்றில் வழுக்கிக்கொண்டே போனார்களாம், கண்முன்னால் மண் கரைவதற்குள் தடத்தை அச்செடுக்கப் பாடுபட்டார்களாம். அவ்வளவு துல்லியமாகச் சொன்னார். நான் மறுபடி நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கதிர் காயும் களமும் கொட்டும் மழையும் ஒரே காட்சியில் வர முடியாது. என் வேலையில் அது தப்பு.

தனியாக இருக்கும்போது கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "கேஸை நடத்துனது நானு. மழைதான்" என்றார். வயதாகிவிட்டது, டைரக்டர் எழுதிக்கொடுத்த காட்சியைப் படித்துப் படித்து மனசில் ஏற்றிக்கொண்டுவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அதற்கடுத்த நாள்தான் அவர் வெயிலில் குடை பிடித்தது.

பிணத்தைக் கண்டு, தடத்தைப் பார்த்து, சுண்டுவிரல் இல்லாத மனிதரை ஊர்மக்கள் நடுவே பிடித்துக்கொண்டு போகும் காட்சியை எடுத்துக்கொண்டிருந்தோம். கூட்டமாக நிற்பதற்குச் சுற்று ஊர்களிலிருந்து முப்பது பேரை அழைத்து வந்திருந்தார்கள். ஒவ்வொரு டேக்கிலும் அவர்கள் நனைய வேண்டும், அடுத்த டேக்குக்கு அதே அளவு நனைந்திருக்க வேண்டும். நான் ஒவ்வொருவராகப் படம் எடுத்து, யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். முன்வரிசையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா நின்றார். மற்றப் பெண்கள் குளிரில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் போலீஸ் வேஷம் போட்டவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையைச் சரிசெய்யப் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க, அன்னைக்கு மழை இல்லீங்க" என்றார் என்னிடம்.

நான் முந்தின நாள் எடுத்த காட்சியைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "நேத்தும் மழை சீன்தானுங்க" என்றேன்.

"நேத்து இல்லீங்க. அவுரப் புடிச்சுட்டுப் போன அன்னைக்கு. நான் களத்துல சாமை காயப்போட்டிருந்தேன். மழை இருந்தா போடுவனுங்களா?"

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்கூட்டுக்காரரைத்தானுங்க புடிச்சுட்டுப் போனாங்க" என்றார். சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அதை எப்படிக் காட்டறீங்கன்னு பாக்கலாம்னுதான் வந்தேன்."

யாரோ அமைதி என்று குரல் கொடுத்தார்கள். மேலிருந்து தண்ணீர் விழத் தொடங்கியது. நான் ஓடிவந்து மானிட்டர் பக்கத்தில் நின்றேன். திரையில் அந்த அம்மா முன்வரிசையில் நனைந்துகொண்டு நின்றார். அவர் கணவராக நடித்த சென்னைப் பையனை இருவர் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். எல்லாப் பெண்களையும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவர் பொத்தவில்லை, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். டைரக்டர் திரையைக் காட்டி, "அந்த அம்மா பிரமாதமா பண்றாங்க. யார் அவங்க?" என்றார். நான் நோட்டில் குனிந்துகொண்டேன். ஐந்தடி தள்ளிக் குடையோடு நின்றிருந்த ஐயா அதே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அவரிடம் சொன்னேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். "அது சின்னப் புள்ளையாச்சே, கண்ணு" என்றார். இருபத்தைந்து வருஷம் ஆகிறது ஐயா என்றேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நோட்டைத் திறந்து, முதல் நாள் அவர் சொன்னதைப் படித்துக் காட்டினேன். களம், சாமைக்கதிர், காலால் கிளறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்த பெண். சோறு ஆறிப்போனது.

"எனக்கு மழை நல்லா நெனவிருக்குது கண்ணு" என்றார் கடைசியில். "சட்டை ஒட்டிக்கிட்டது நெனவிருக்குது. அது மெய்யாலும் பேஞ்சுதா, இல்ல நீங்க பேய வெச்சதான்னுதான் இப்பத் தெரியல."

அந்த அம்மாவிடம் தானே போய்ப் பேச அவரால் முடியவில்லை. என்னைத்தான் அனுப்பினார். வீட்டுக்கு வரலாமா என்று கேட்கச் சொன்னார். அந்த அம்மா யோசித்துவிட்டு, "வரட்டுமுங்க. ஊட்ல இருப்பாரு" என்றார்.

படப்பிடிப்பு இல்லாத ஒரு நாளில் ஜீப்பில் போனோம். தார் ரோடு முடிந்த பிறகு குச்சிக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதை. வழியெல்லாம் ஐயா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எந்தத் திருப்பமும் அவருக்கு நினைவிருப்பதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவின் கணவர் வாசலில் உட்கார்ந்து மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், தலை முழுக்க வெள்ளை. ஐயாவைப் பார்த்ததும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து ஐயா அப்படியே நின்றுவிட்டார். "உக்காருப்பா" என்று இரண்டு முறை சொன்ன பிறகும் அவர் உட்காரவில்லை. ஐயாவும் நின்றுகொண்டேதான் பேசினார்.

"அன்னைக்கு மழை பேஞ்சுதா?"

"பேயலீங்க" என்றார் அவர். "மூணாம் நாளுதானுங்க பேஞ்சுது."

"மூணாம் நாளா?"

"ஆமாங்க. ஸ்டேஷன்ல இருந்து என்னை அந்தப் பாறைக்குக் கூட்டிட்டு வந்தீங்கல்ல. எங்க நின்ன, எப்படித் தள்ளுன, காட்டுன்னீங்க. அன்னைக்குத்தானுங்க மழை. நீங்க, நானு, ரெண்டு போலீசு, எல்லாரும் நனைஞ்சுட்டோம். உங்க தொப்பியில இருந்து தண்ணி ஊத்திட்டே இருந்துதுங்க."

எனக்குக் கையில் நோட்டு இருந்தும் எழுத வரவில்லை. ஐயா சொன்ன மழையும் உண்மை, அந்த அம்மா சொன்ன வெயிலும் உண்மை. நாள்தான் இடம் மாறியிருந்தது. மூன்றாம் நாள் ஈர மண்ணில் அவரை நிற்கவைத்தது போலீஸ். அங்கே அவர் கால்தடம் விழாமல் வேறு யாருடையது விழும்?

"இதை ஏம்ப்பா நீ கோர்ட்ல சொல்லல?" என்றார் ஐயா.

"சொன்னனுங்க. உங்ககிட்டயும் சொன்னேன், வக்கீலுகிட்டயும் சொன்னேன். இது உன் காலான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. ஆமான்னேன். என் காலுதானுங்களே."

இதைச் சொல்லும்போது அவர் ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் பாதத்தைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அந்த அம்மா உள்ளிருந்து வேகவைத்த கிழங்கும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஐயா தண்ணீரை மட்டும் குடித்தார்.

திரும்பும்போது ஜீப்பில் என்னிடம் அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். அந்த அச்சை எடுத்தது முதல் நாளா, மூன்றாம் நாளா? நான் எப்படிச் சொல்ல முடியும்? அவரே பதில் சொல்லிக்கொள்வார், பிறகு அதை மறுப்பார். முதல் நாள் தடம் இருந்ததைப் பார்த்தோம், அச்சு மட்டும் பிறகு எடுத்தோம் என்பார். காய்ந்த மண்ணில் தடம் எப்படி அவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவரே கேட்டுக்கொள்வார். "எனக்கு அப்பவே தெரியுமா கண்ணு? தெரிஞ்சேதான் செஞ்சனா? இல்ல, தெரியாமச் செஞ்சனா?" என்றார். ஒரு மனிதர் தன்னைப் பற்றியே துப்புக் கேட்டு இன்னொருவர் முகத்தைப் பார்ப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் பொய் சொல்கிறாரோ என்றும் எனக்குத் தோன்றியது. மழை முதல் நாளுக்கு இடம் மாறினால் நன்மை யாருக்கு என்று கணக்குப் பார்த்தால், அது அவருக்குத்தான். ஆனால் வெயிலில் குடை பிடித்தவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு முடிவுக்கு வர என்னால் ஆகவில்லை, இப்போதும் ஆகவில்லை.

டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கெட்டவரில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். பிறகு, பாதிக்கு மேல் எடுத்தாயிற்று, படம் வேறு வழக்கு வேறு என்றார். படத்தின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று வரும் வரியை எடுத்துவிட வேண்டும் என்று ஐயா கேட்டார், அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். தன் பெயரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டு ஐயா மலையிறங்கிப் போய்விட்டார். நான் போகவில்லை. மீதி நாட்களும் வேலை செய்தேன். மழைக் காட்சி இன்னும் இரண்டு மிச்சமிருந்தது. யார் எவ்வளவு நனைந்திருக்க வேண்டும் என்று பார்த்து எழுதினேன். அந்த அம்மா மறுபடி வரவில்லை, அவர் நின்ற இடத்தில் அதே சேலை கட்டிய வேறொருவரை நிறுத்தினோம். திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அதைச் செய்தபோது என் மனசு என்ன நினைத்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு சில மாதங்கள், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐயா வீட்டுக்கும் போனேன். நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரே எண்ணம். கை நடுங்கியதால் அவர் சொல்வார், நான் எழுதுவேன். முதல் தடவை, அச்சு மூன்றாம் நாள்தான் எடுக்கப்பட்டது என்று எழுதினோம். படித்துக் காட்டியதும், இல்லை, உறுதியாகத் தெரியாது என்று கிழிக்கச் சொன்னார். அடுத்த தடவை, தடம் முதல் நாளே இருந்திருக்கலாம் என்று எழுதினோம். அதையும் கிழிக்கச் சொன்னார். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டோம். இது நடந்தது, இது நடக்கவில்லை என்று திட்டமாகச் சொன்னால்தான் நீதிமன்றம் காது கொடுக்கும், நினைவில்லை என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார். பழைய காகிதங்களிலும் தேதிகள் தெளிவாக இல்லை. கடைசியில் ஐயா தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதச் சொன்னார். அது அரைப் பக்கம்தான் வந்தது. "மழை எந்த நாள் பெய்தது என்று எனக்கு நினைவில்லை. கால்தடத்தை எந்த நாள் அச்செடுத்தேன் என்று நினைவில்லை. நினைவிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னேன். மூன்றாம் நாள் அவரை நானே அந்த இடத்தில் நிற்கவைத்தேன் என்பதை நான் சொல்லவில்லை." அதன் கீழே கையெழுத்திட்டுத் தேதி போட்டார்.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவருக்கு வாந்தி வந்தது, ஆனாலும் இறங்கமாட்டேன் என்றார். நாங்கள் வருவது தெரிந்து அந்த வாசலில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஐயா நின்றபடி அதைப் படித்தார். படித்து முடித்ததும் அந்தக் கணவர், "சரிங்க" என்றார், அவ்வளவுதான். அவர் மனைவி காகிதத்தை வாங்கி, உள்ளே போய் ஒரு டப்பாவில் வைத்துவிட்டு வந்தார். வேலிக்கு வெளியே முப்பது வயதுள்ள ஒருவர் நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை, அவராகவும் வரவில்லை. அங்கிருந்தே கேட்டார்.

"அப்ப எங்கப்பனைக் கொன்னது யாருங்க?"

செத்துப்போனவரின் மகன் அவர். தகப்பன் போனபோது அவருக்கு ஐந்து வயது. அந்தக் கணவர்தான் பேசினார். "உளுந்திருப்பான் சாமி. அந்தப் பாறை வழுக்கும்."

"மழை இல்லாமயா வழுக்கும்?" என்றார் மகன்.

வந்த நாள்முதல் நான் ஒரு பக்கம் சாய்ந்திருந்தேன், அந்த அம்மாவின் பக்கம். இந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் மறுபடி கலைந்துவிட்டது. மழை இல்லை என்றால் தடம் பொய். மழை இல்லை என்றால் வழுக்கி விழுந்ததும் சந்தேகம். வெயில் காலத்தில், தினமும் ஏறி இறங்கும் பாறையில், ஓர் ஆள் எப்படி விழுவார்? யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையில் பரப்பியிருந்த மிளகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயா வேலியருகே போய், "தெரியல சாமி. எனக்குத் தெரியல" என்றார். பிறகு, "தெரிஞ்சுக்க முடியுமான்னு பாக்கறேன்" என்றார்.

அவர் அதைச் சும்மா சொன்னதாகத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த மாதம் பஸ்ஸேறித் தனியாகப் போயிருக்கிறார். அதற்கடுத்த மாதமும் போயிருக்கிறார். போனில் என்னிடம் சொல்வார். இன்றைக்கு இன்னாரைப் பார்த்தேன், செத்தவருக்கு அடிக்கடி தலைசுற்றல் வரும் என்று ஒருவர் சொன்னார், அப்படியெல்லாம் இல்லை என்று இன்னொருவர் சொன்னார், பலாமரத்தை வெட்டியாயிற்று, பாறைக்கு மேலே இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்கும் வீடு ஒன்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் படம் அப்போது வெளிவந்திருந்தது. அதில் வரும் வயதான அதிகாரி இரண்டரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு, மழையில் நனைந்தபடி மலையிறங்குவார். நன்றாக ஓடியது. ஐயா அதைப் பார்க்கவில்லை. காவல் நிலையமோ அதிகாரமோ இல்லாமல், ஒரு துணிப்பையில் மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டு வருஷம் ஏறி இறங்கினார். போகப்போக அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதும் குழம்பத் தொடங்கியது. சொன்னதையே மறுபடி சொல்வார். ஒருநாள் போனில், "கேஸு முடிஞ்சுதா கண்ணு?" என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். "அப்ப நாளைக்குப் போகோணும்" என்றார்.

போன வருஷம் அவர் காலமானார். சென்னையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகலாகிவிட்டது. பந்தலின் ஓரத்தில் நாற்காலிகளில் இருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். பதினோரு வருஷம் சிறையிலிருந்தவரும், செத்தவரின் மகனும். மலையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்ற அந்த மனிதர் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்னால் நம்பமுடியாததாக இருந்தது. மகனைத் தனியே பார்த்து, ஏதாவது தெரிய வந்ததா என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலீங்க" என்றார். "ஐயா மாசாமாசம் வருவாரு. நானும் கூடவே போவேன். ஒவ்வொரு ஊட்லயும் எங்கப்பனைப் பத்திக் கேப்பாரு. என்ன சாப்புடுவான், எப்படி நடப்பான், கோவம் வந்தா என்ன பண்ணுவான்னு. எனக்கு அவரு மொகமே நெனவில்லீங்க. யாரும் எங்கிட்ட அவரைப் பத்திப் பேசுனதும் இல்லீங்க, செத்த கதையைத் தவிர." பந்தலைத் திரும்பிப் பார்த்தார். "நெறையச் சொன்னது பெரியப்பாதானுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தவங்களாமா. எங்கப்பன் நல்லா விசிலடிப்பாராமுங்க."

பெரியப்பா என்று அவர் சொன்னது சிறையிலிருந்து வந்தவரைத்தான் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அந்தப் பெரியவர்மேல் சந்தேகம் போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெரியவரே எழுந்து வந்தார். மகன் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். ரோட்டைக் கடக்கும்போது பெரியவர் ஏதோ சொன்னார், மகன் நின்று கேட்டு, தலையை ஆட்டிவிட்டு, அவருக்குச் சமமாக மெதுவாக நடந்தார்.